துணி டயப்பருக்கு மாறினா நிஜமாவே மிச்சமா? (பெங்களூர், போர்வெல் தண்ணி)

கேஆர்புரம்_அப்பா
வணக்கம். குழந்தைக்கு 6 மாசம், எடை 7.5 கிலோ. பகல்ல 5, ராத்திரிக்கு 1, ஆக ஒரு நாளைக்கு 6 டயப்பர். ஒண்ணு சராசரியா 11 ரூபா ஆகுது. துணிக்கு மாறலாம்னு வீட்ல பேச்சு. 7 கிலோ ஃப்ரண்ட் லோட் மெஷின் இருக்கு. தண்ணி போர்வெல், கோடையில டேங்கர். பால்கனி சின்னது, கிழக்கு பாத்தது. எத்தனை வாங்கணும், எந்த வகை, தண்ணி கரண்ட் எல்லாம் கழிச்சா கையில என்ன நிக்கும்? "இயற்கைக்கு நல்லது" பதில் வேண்டாங்க, அது தெரியும். கணக்கு வேணும்.

துணிக்கணக்கு
கணக்குதானே, போட்டுடலாம்.

இப்போ ஆகிற செலவு: 6 × 11 × 30 = மாசம் 1,980.

மாறினா: பகல் 5 துணி, ராத்திரி ஒண்ணு மட்டும் கடை டயப்பர். ராத்திரி டயப்பர் 12 ரூபான்னு வெச்சா மாசம் 360. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை துவைச்சா மாசம் 15 துவையல். ஒவ்வொரு துவையலுக்கும் சுமாரா கரண்ட் 1 யூனிட் (60 டிகிரி சுடுதண்ணி சைக்கிள்), அது 6 ரூபா. முன் அலசல், துவையல், கடைசி அலசல் சேர்ந்து 100 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் 1,200 ரூபான்னா லிட்டர் 10 பைசா, அப்போ 10 ரூபா. பவுடர் 70 கிராம், கிலோ 140 ரூபா பவுடர்னா கிட்டத்தட்ட 10 ரூபா. ஆக 26 × 15 = 390.

மொத்தம் 750. மாசம் நிக்கிறது 1,230.

முதலீடு: ஒரு நாளைக்கு 5 வீதம், துவைக்கிற இடைவெளி 2 நாள், காய ஒரு நாள், அதனால 15 போதும். பாக்கெட் டயப்பர் (தண்ணி புகாத கவருக்குள்ள பை மாதிரி இடம், அதுல இன்செர்ட்ங்கிற உறிஞ்சுற பட்டையைச் செருகுறது) ஒண்ணு 450ன்னா 6,750. போட்ட காசு திரும்ப அஞ்சரை மாசம். ரெண்டு வயசு வரைக்கும் 18 மாசம் ஓட்டினா 22,140 கழித்தல் 6,750 = 15,390 ரூபா மிச்சம். ரெண்டாவது குழந்தைக்கும் அதே செட்னா முதலீடே கிடையாது.

இதுல யாரும் கணக்குல சேர்க்காத ரெண்டு விஷயம். வீட்டு வேலைக்கு வர்றவங்க இதைத் துவைக்க மாசம் 500 கூடக் கேட்டா மிச்சம் 730 ஆயிடும், காசு திரும்ப 9 மாசத்துக்கு மேல. இன்னொண்ணு, கர்நாடக அரசோட க்ருஹ ஜோதி திட்டத்துல (மாசம் 200 யூனிட் வரைக்கும்) இலவச கரண்ட் வாங்குறவங்க கவனிங்க: இது மாசம் 15 யூனிட் கூட்டும். ஏற்கெனவே 190 பக்கம் ஓடுற வீடுன்னா 200 தாண்டி முழு பில்லும் உங்க தலையில விழும். அப்படிப்பட்ட வீட்ல 40 டிகிரியில ஓட்டுங்க, யூனிட் கணிசமா குறையும்.

சிக்பேட்_தையல்காரி
துணிக்கணக்கு மேடம் சொன்னது பாக்கெட் டயப்பர் கணக்கு. இதைவிட மலிவான வழி இருக்கு, ஆன்லைன் கடைக்காரங்க அதைப் பத்திப் பேச மாட்டாங்க. வெறும் சதுரத் துணி, மேல ஒரு தண்ணி புகாத கவர். அவ்வளவுதான்.

மல் துணி மீட்டர் 80 ரூபான்னு வெச்சுக்கங்க. ஒரு மீட்டர் அகலத் துணியை ஒரு மீட்டருக்கு ஒண்ணா வெட்டி ஓரம் ஓவர்லாக் அடிச்சா ஒரு சதுரம். 30 சதுரம் 2,400. கவர் 6 போதும், ஒண்ணு 350ன்னா 2,100. மொத்தம் 4,500. கவர்ல மலம் படலேன்னா உள்பக்கம் ஈரத்துணியால துடைச்சு, காத்தாட விட்டு, அடுத்த துணிக்கு அதையே போடலாம். அதனாலதான் 6.

மடிக்கிற விதம்: பாதியா ஒரு மடி, திரும்பப் பாதியா ஒரு மடி. இப்போ 50 × 50 செ.மீ., 4 அடுக்கு. அதை நீளவாக்குல மூணா மடிச்சா 17 செ.மீ. அகலம், 12 அடுக்கு. 7 கிலோ குழந்தைக்கு 50 செ.மீ. நீளம் அதிகம். ஒரு முனையில 14 செ.மீ. மடக்குங்க. ஆண் குழந்தைன்னா அந்தத் தடிப்பு முன்பக்கம் வரணும், பெண்ணுன்னா நடுவுல இருந்து பின்னால வரணும். இதை மாத்தி வெச்சுட்டு "துணி டயப்பர் ஒழுகுது"ன்னு சொல்றவங்க ஏராளம்.

பெரிய லாபம் காயிறதுல. 12 அடுக்கா இருந்தது கொடியில ஒத்தை அடுக்கா விரியும். செப்டம்பர், அக்டோபர் மழையிலகூட ஃபேனுக்குக் கீழ ரெண்டு மூணு மணி நேரம் போதும். தைச்ச மூங்கில் இன்செர்ட் அதே மழையில ஒரு நாள் முழுக்க எடுக்கும், நடுவுல ஈரவாடையும் பிடிச்சுக்கும்.

காடா துணி மலிவா கிடைக்குதேன்னு வாங்கினீங்கன்னா அப்படியே போடாதீங்க. வெளுக்காத பருத்தியில இயற்கையான மெழுகும் நெசவுக் கஞ்சியும் இருக்கும், தண்ணி உருண்டு ஓடும். பவுடர் போட்ட சுடுதண்ணியில நாலஞ்சு தடவை துவைச்சாதான் உறிஞ்சும். சோதனை சுலபம்: காஞ்ச துணி மேல ஒரு சொட்டு தண்ணி விடுங்க. முத்து மாதிரி நின்னா இன்னும் துவைக்கணும். விழுந்த உடனே பரவினா ரெடி.

விவேக்நகர்_ஆச்சி
இதுக்கு எதுக்குப்பா கடைக்குப் போறது? தாத்தாவோட பழைய வேட்டி நாலு கிழிச்சா பத்து துணி வரும். துவைச்சுத் துவைச்சுப் பதமான பருத்தி மாதிரி உறிஞ்சுறது எதுவும் கிடையாது. பாலியஸ்டர் கலந்த வேட்டி மட்டும் வேண்டாம், அது உறிஞ்சாது. கரையை வெட்டிடணும், சரிகை தொடையில உரசும்.

சிக்பேட்_தையல்காரி
ஆச்சி சொல்றது நூத்துக்கு நூறு. நூலைப் பிரிச்சுக் கொளுத்திப் பாருங்க: பருத்தி காகிதம் எரியிற வாசம் அடிச்சு சாம்பலாகும். கலப்புன்னா உருகி முனையில கெட்டி மணியா நிக்கும்.

போர்வெல்_பொறியாளன்
எல்லாரும் துணியையே பேசுறீங்க. கே.ஆர்.புரம் போர்வெல் தண்ணியில இந்த முயற்சி படுக்கிறது துவைக்கிற இடத்துலதான்.

கடினத் தண்ணியில இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் முதல்ல டிடர்ஜென்ட்டைத் தின்னும். மிச்சம் இருக்கிறதுதான் அழுக்கை எடுக்கும். போதாம போனா மூத்திர உப்பு, சோப்புப் படலம், சுண்ணாம்பு மூணும் இழைக்குள்ள தங்கும். ரெண்டு மூணு மாசத்துல இன்செர்ட் விறைக்கும், உறிஞ்சாது, ஈரம் பட்டதும் கண்ணை எரிக்கிற அம்மோனியா நாத்தம் வரும். "துணி டயப்பர் சரியில்ல"ன்னு அப்போதான் பையில கட்டிப் பரண் மேல போடுவாங்க.

முதல்ல கடினத்தன்மையைத் தெரிஞ்சுக்கங்க. டிடிஎஸ் பேனா அதைக் காட்டாது, அது கரைஞ்ச மொத்த உப்பையும்தான் சொல்லும். மீன்தொட்டிக் கடையில கிடைக்கிற ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட் போதும். குடிதண்ணிக்கான இந்தியத் தரம் 200 மி.கி./லிட்டர் வரை ஏத்துக்கும், வேற வழி இல்லாத இடத்துல 600 வரை அனுமதிக்கும். துவையலுக்கு 200 தாண்டினாலே ஏதாவது செய்யணும்.

கிட் இல்லேன்னா: ரெண்டு பாட்டில், ஒண்ணுல ஆர்.ஓ. தண்ணி, இன்னொண்ணுல குழாய்த் தண்ணி. ரெண்டுலயும் ஒரே அளவு குளியல் சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்குங்க. குழாய்த் தண்ணி நுரைக்காம, பால் மாதிரி கலங்கி, மேல திரி திரியா மிதந்தா கடினத் தண்ணி. சலவைப் பவுடரை வெச்சு இந்தச் சோதனை பண்ணாதீங்க, அது கடினத் தண்ணியிலயும் நுரைச்சுத் தொலைக்கும்.

"எங்களுக்குக் காவேரி வந்தாச்சு"ன்னு சொல்றவங்களும் பாத்துக்கங்க. காவேரி குடிதண்ணித் திட்டத்தோட 5ம் கட்டம் 2024 அக்டோபர்ல திறந்தாச்சு, ஆனா நிறைய அபார்ட்மெண்ட்ல சம்புல போர்வெல்லும் கலந்துதான் மேல ஏறுது. குழாயில வர்றதைத்தான் சோதிக்கணும்.

டேங்கர் விலைக்கு ஒரு அளவுகோல்: 2024 மார்ச்ல மாவட்ட நிர்வாகம் 5 கி.மீ.க்குள்ள 12,000 லிட்டர் 1,000, 6,000 லிட்டர் 600 ரூபான்னு நிர்ணயிச்சது. சின்ன லாரின்னா லிட்டர் விலை கூடுது பாருங்க.

கேஆர்புரம்_அப்பா
சார், கிட்ல 450 காட்டுது. அப்போ விட்டுடலாமா?

போர்வெல்_பொறியாளன்
ஏன் விடணும்? முறையை மாத்தினா போதும்.

1. மலம் இருந்தா ஹெல்த் ஃபாசெட்டால டாய்லெட்லயே அடிச்சு இறக்கிடுங்க. தாய்ப்பால் மட்டும் குடிக்கிறப்ப அது தண்ணியில கரையும். திட உணவு ஆரம்பிச்ச பிறகு கரையாது.
2. பாக்கெட்ல இருந்து இன்செர்ட்டை உருவிட்டு மெஷின்ல போடணும். உள்ள வெச்சே துவைச்சா நடு அடுக்குக்குத் தண்ணி போகாது.
3. பச்சைத் தண்ணியில 15-30 நிமிஷக் குட்டி சைக்கிள், பவுடர் 20 கிராம். மூத்திரம் இதுல போயிடணும். மெயின் துவையல் மூத்திரத் தண்ணியில நடக்கக் கூடாது.
4. மெயின்: காட்டன் சைக்கிள், பவுடர் 50 கிராம், கூடவே சலவை சோடா ஒரு டேபிள்ஸ்பூன். சமையல் சோடா இல்லை, சலவை சோடா. அது கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு பவுடரை வேலை பாக்க விடும்.
5. எக்ஸ்ட்ரா ரின்ஸ் ஒண்ணு.

டிரம்ல முக்கால் அளவு துணி இருக்கணும். ஃப்ரண்ட் லோட் எடை பாத்துத்தான் தண்ணி எடுக்கும். நாலே நாலு இன்செர்ட் போட்டா ஒன்றோடொன்று உரசாது. குறைஞ்சா கைத்துண்டு, குழந்தையோட பனியன் எதையாவது சேருங்க.

பவுடர்தான், லிக்விட் வேண்டாம். பவுடர்ல தண்ணியை மென்மையாக்கிற பொருள் ஏற்கெனவே இருக்கு. "பேபி லிக்விட்"ல பல இதுக்கு ரொம்ப வீக். பூந்திக்கொட்டையும் அப்படித்தான், பட்டுப்புடவைக்கு வெச்சுக்கங்க. கம்ஃபோர்ட் மாதிரி சாஃப்ட்னர் கூடவே கூடாது: இழைக்கு மேல பூச்சு போட்டு உறிஞ்சுறதை நிறுத்திடும்.

மல்லேஸ்வரம்_அனு
வினிகர் போட்டு அலசினா நாத்தம் போகும்னு எல்லா குரூப்லயும் சொல்றாங்களே அண்ணா?

போர்வெல்_பொறியாளன்
சுண்ணாம்பு கரையும், உண்மை. ஆனா ஒவ்வொரு துவையலுக்கும் போட்டா எலாஸ்டிக்கும், கவரோட பிளாஸ்டிக் படலமும், மெஷின் ரப்பரும் சீக்கிரம் போகும். நாத்தம் ஏற்கெனவே வந்துட்டா, இன்செர்ட் மட்டும் (கவர் வேண்டாம்): 15 லிட்டர் பக்கெட்ல 60 டிகிரி சுடுதண்ணி, சலவை சோடா 2 டேபிள்ஸ்பூன், வழக்கமான பவுடர். 4-5 மணி நேரம் ஊறவெச்சு, மெஷின்ல ரெண்டு தடவை வெறும் தண்ணியில ஓட்டுங்க. பக்கெட் தண்ணி டீ நிறத்துக்கு வந்தா அவ்வளவு தேங்கி இருந்துச்சுன்னு அர்த்தம். இதை மாசா மாசம் பண்ண வேண்டி வந்தா வழக்கமான துவையல்லதான் கோளாறு, பவுடரைக் கூட்டுங்க.

நர்ஸ்_அல்சூர்
ஒரு எச்சரிக்கை, தயவுசெஞ்சு படிங்க. ரின் ஆலா மாதிரி ப்ளீச்சை வினிகரோட கலந்தா குளோரின் வாயு வரும். மூத்திரம் இருக்கிற துணியில நேரா ஊத்தினா குளோரமின் வாயு வரும். சின்ன பாத்ரூம்ல ரெண்டும் ஆபத்து. ப்ளீச் போட வேண்டிய கட்டம் வந்தா, துவைச்சுச் சுத்தமான இன்செர்ட்ல மட்டும், ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு.

தோல் தடிப்பு பத்தி: துணின்னா தடிப்பே வராதுன்னு சொல்றது பொய். ஈரத்துல இருக்கிற நேரம்தான் காரணம். பகல்ல ரெண்டு ரெண்டரை மணிக்கு மேல விடாதீங்க, மலம் போனா உடனே மாத்தணும். மைக்ரோஃபைபர் (நுண்ணிய செயற்கை இழை) இன்செர்ட்டைத் தோலை ஒட்டி வைக்கவே கூடாது. அது தோலோட ஈரப்பசையையும் இழுத்துக் காய வெச்சிடும், அதனாலதான் அது பாக்கெட்டுக்குள்ள போகுது. தொடை இடுக்கு நல்லா சிவந்து, சுத்திலும் சின்னச் சின்னப் புள்ளியா பரவியிருந்தா பூஞ்சையா இருக்கலாம், குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க. மருந்து போடுற நாட்கள்ல பருத்தித் துணியைக் கொதிக்கிற தண்ணியில 10 நிமிஷம் போட்டு எடுங்க. கவரைக் கொதிக்க விடாதீங்க.

துத்தநாகம், பெட்ரோலியம் ஜெல்லி இருக்கிற கிரீம் துணியில ஒட்டினா அந்த இடம் தண்ணியைத் தள்ளும். கிரீம் போட்டா மேல ஒரு மெல்லிய மல் துண்டு வெச்சுடுங்க.

கேஆர்புரம்_அப்பா
முதல்ல 3 பாக்கெட் டயப்பர் மட்டும் வாங்கிப் பாத்தோம். முக்கால் மணி நேரத்துல தொடை வழியா ஒழுகுது. உள்ள இன்செர்ட்டை எடுத்துப் பாத்தா பாதி காய்ஞ்சே இருக்கு. பீஸ்ல கோளாறா?

துணிக்கணக்கு
இன்செர்ட் பாதி காய்ஞ்சிருந்தா உறிஞ்சுற அளவு பிரச்சினை இல்லை, பொருத்தம்தான். எலாஸ்டிக் எங்க உக்காருதுன்னு பாருங்க. ஜட்டி ஓரம் வர்ற இடத்துல, தொடையும் இடுப்பும் சேருற இடுக்குல உக்காரணும். தொடை மேல இறங்கி இருந்தா குழந்தை காலை மடக்கும்போது தொடைப் பக்கம் இடைவெளி விழும். 7.5 கிலோன்னா முன்பக்க உயர பட்டன்ல பெரும்பாலும் நடு வரிசை சரியா வரும். வயித்துல ரெண்டு விரல் நுழையணும், அதுக்கு மேல இடம் வேண்டாம். தொடையில லேசான கோடு விழுறது தப்பில்லை, சிவந்து அழுந்தின தழும்பு விழுந்தாதான் இறுக்கம்.

இன்செர்ட்டோட ஓரமோ உள்துணியோ கவருக்கு வெளிய ஒரு நூல் எட்டிப் பாத்தாக்கூட, திரி மாதிரி ஈரத்தை பேண்ட்டுக்கு இழுத்துட்டுப் போகும். மாட்டி முடிச்சதும் ரெண்டு தொடையிலயும் விரலை விட்டு ஒரு சுத்து ஓட்டி உள்ள தள்ளுங்க.

அது சரியா இருந்தும் ஒழுகினா துணி தண்ணியைத் தள்ளுதான்னு பாக்கணும், மேல சொன்ன சொட்டுச் சோதனை. புது மூங்கில், பருத்தி இன்செர்ட்னா நாலஞ்சு துவையலுக்குப் பிறகுதான் முழுசா உறிஞ்சும். இன்செர்ட் முழுக்க நனைஞ்சு ஒழுகினா மட்டும்தான் இன்னொண்ணு சேர்க்கணும். கார் சீட்ல, கங்காரு பையில அழுந்தும்போது மட்டும் ஒழுகினா மைக்ரோஃபைபர்தான் காரணம். வேகமா உறிஞ்சும், அமுக்கினா பிழிஞ்சும் விடும்.

மல்லேஸ்வரம்_அனு
ராத்திரிக்கும் துணியே போடலாமா? 10 மணி நேரம் தாங்குமா?

சிக்பேட்_தையல்காரி
தாங்க வைக்கலாம். மேல மைக்ரோஃபைபர், கீழ ஹெம்ப் (சணல் மாதிரி ஒரு நார்) அல்லது மூங்கில் இன்செர்ட், ரெண்டும் பாக்கெட்டுக்குள்ள. மேல உள்ளது பாய்ச்சலைப் பிடிக்கும், கீழ உள்ளது மெதுவா வாங்கி வெச்சுக்கும். வரிசையை மாத்தினா பிரயோஜனம் இல்லை. ஆனா இவ்வளவு திக்கா இருந்தா குழந்தை தவளை மாதிரி காலை அகட்டித்தான் தூங்கும். ராத்திரி துணியைக் காலையில எடுத்த உடனே பச்சைத் தண்ணியில அலசிடணும், இல்லேன்னா அம்மோனியா அங்க இருந்துதான் ஆரம்பிக்கும். என்னைக் கேட்டா ராத்திரி ஒண்ணு கடை டயப்பரே இருக்கட்டும். மாசம் 360 ரூபாய்க்கு வீட்ல எல்லாரும் தூங்கலாம்.

விவேக்நகர்_ஆச்சி
அந்தக் கடை டயப்பரையாவது சுருட்டி, நியூஸ் பேப்பர்ல பொதிஞ்சு, சிவப்புல ஒரு குறி போட்டுத் தனியா கொடுங்கப்பா. குப்பை வண்டியில கையால பிரிக்கிறது மனுஷங்கதான்.

கேஆர்புரம்_அப்பா
பாக்கெட் 3ஐ வெளிய போறதுக்கு வெச்சுக்கிட்டு, வீட்டுக்கு மல் துணி 30, கவர் 6ன்னு முடிவு பண்ணிட்டோம். ரெண்டு சந்தேகம். கவரை வெயில்ல போடலாமா? அழுக்குத் துணியை ரெண்டு நாள் எங்க வைக்கிறது?

சிக்பேட்_தையல்காரி
துணியை நல்ல வெயில்ல போடுங்க, மஞ்சள் கறையும் அதுலயே வெளுக்கும். கவரை நிழல்ல, காத்தாட. வெயிலும் சூடும் சேர்ந்தா உள்ள ஒட்டியிருக்கிற படலம் கொப்புளம் கொப்புளமா பிரியும், அப்புறம் அதுல தண்ணி நிக்காது. கவரை முறுக்கிப் பிழியாதீங்க. எலாஸ்டிக்கைப் பிடிச்சு நீளவாக்குல தொங்கவிட்டா ஈர எடையில இழுவிப் போகும், கொடியில நடுவுல மடிச்சுப் போடுங்க.

செகண்ட் ஹாண்ட் கவர் வாங்குறதா இருந்தா வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, ஊசித் துளை இருந்தா தெரியும். எலாஸ்டிக்கை இழுத்துவிட்டா சட்டுனு சுருங்கணும். தளர்ந்ததைத் தையல் பிரிச்சு மாத்தலாம், படலம் பிரிஞ்சதை ஒண்ணும் பண்ண முடியாது.

போர்வெல்_பொறியாளன்
அழுக்குத் துணிக்கு மூடி போட்ட பக்கெட் வேண்டாம், தண்ணியில ஊறவும் விடாதீங்க. ஓட்டை இருக்கிற பிளாஸ்டிக் கூடை, பாத்ரூம்ல காத்து வர்ற மூலையில. மூடி வெச்சா பாக்டீரியா யூரியாவை உடைச்சு அம்மோனியாவா மாத்துற வேலை வேகமாகும். ரெண்டு நாள் சரி, கோடையில மூணாவது நாளுக்குத் தள்ளாதீங்க.

மல்லேஸ்வரம்_அனு
டே கேர்ல துணியை ஏத்துப்பாங்களா?

துணிக்கணக்கு
சில இடத்துல மாட்டாங்க, சேர்க்கும் முன்னாடியே கேளுங்க. ஏத்துக்கிற இடத்துக்கு மடிச்சுச் செருக வேண்டிய சதுரத் துணி அனுப்பாதீங்க, பாக்கெட்ல இன்செர்ட்டைப் போட்டு ரெடியா அனுப்புங்க, பட்டன் எந்த வரிசைன்னு மார்க்கர்ல ஒரு புள்ளி வெச்சு. கூட ஒரு வெட் பேக் (ஈரத்துணி போடுற, தண்ணி கசியாத ஜிப் பை). அழுக்கானதை அலசச் சொல்லாதீங்க, அப்படியே பையில போட்டுத் தந்தா போதும். வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்து, உள்பக்கம் வெளிய திருப்பி, ஜிப்பைத் திறந்தே வெச்சு டயப்பரோட மெஷின்ல போடுங்க. ஜிப் மூடியிருந்தா பைக்குள்ள தண்ணி தேங்கி ஸ்பின்ல டிரம் ஆடும்.